சோடிக் கதவு

— இஞ்சாருங்கோ, அந்தப் பிடியைப் போட்டு இழுக்காதேங்கோ. அது துறக்காது. இடத்தைச் சுத்திக் காட்டுற அந்த வெள்ளைக்கார மனுசி உங்களையே பாத்துக்கொண்டு நிக்கிறா.

— பாக்கட்டும் கலா. டிக்கெட் எடுத்துத்தானே உள்ளுக்கு வந்தனாங்கள். கதவெண்டால் துறக்க வேணும்.

— அது பொய்க் கதவு. பின்னால அறை ஒண்டும் இல்லை, வெறுஞ்சுவர்தான். அந்தப் பக்கம் உண்மைக் கதவு ஒண்டு கிடக்கெல்லே, அதுக்குச் சோடியாய் இதை வைச்சிருக்கினம். இல்லாட்டி அறை ஒரு பக்கம் இழுத்தமாதிரிக் கிடக்குமாம். கட்டின காலத்திலேயே அப்பிடித்தானாம்.

— ஆர் சொன்னது?

— அந்த மனுசிதான். நீங்கள் தூணுக்குத் தட்டிப் பாத்துக்கொண்டு நிண்ட நேரம்.

— தட்டினபடியால்தானே தெரிஞ்சது. மாபிள் எண்டு நினைச்சால் உள்ளுக்குக் கோறை, மரத்துக்குப் பெயின்ற். வெளியில மேல் வரிசையில ஒரு யன்னல், அதுவும் சுவரில கீறி வைச்சது. இப்ப கதவும் பொய். முழுக்கப் பேய்க்காட்டு. இந்தப் பழைய மாளிகையைத் திருத்தினதுக்கே உம்மட சபாரத்தினத்தின்ர படத்தைத் தமிழ்ப் பேப்பரில போட்டுப் புழுகினவங்கள்?

— என்ர சபாரத்தினமோ?

— உம்மைக் கலியாணம் பேசி வந்தவர்தானே.

— அப்ப அதுக்குத்தான் கடையைப் பூட்டிப்போட்டு, இல்ஃபோர்டில இருந்து லண்டன்ர மற்றத் தொங்கலுக்கு என்னை ஏத்திக்கொண்டு வந்தனீங்கள். பிள்ளையள் பெரிசானாப் பிறகெண்டாலும் மனுசன் ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகுதெண்டு சந்தோசப்பட்டன் நான்.

— போன வருசம் சுனாமிக்குக் காசு சேர்த்த கூட்டத்தில கண்டனான் ஆளை. உமக்குச் சொல்லேல்லை. எல்லாரும் அவரைச் சுத்தி நிக்கினம். நான் சனத்துக்குத் தின்னக் கடையில இருந்து கொண்டுபோன ரோல்ஸ் பெட்டியை வைச்சிட்டு ஒரு மூலையில நிண்டனான். ஓம், எரிஞ்சதுதான். இண்டைக்கும் எரியுது.

— நான் அவரைக் கண்ணாலயும் கண்டதில்லை.

— மாமா எங்கட கலியாண வீட்டிலயே சொல்லிச் சிரிச்சவர். பெடியன் கட்டிடம் படிக்கிறானாம், மேசனுக்கு என்ர பிள்ளையைக் குடுப்பனோ எண்டு.

— பாவம் அப்பா. ஆர்க்கிடெக்ட் எண்டால் என்னெண்டு அவருக்கு அப்ப என்ன தெரியும்?

— அதைத்தான் நானும் சொல்லுறன். தெரிஞ்சிருந்தால் உம்மை எனக்குத் தந்திருப்பாரே?

— ஒரு சாதகம் வந்தது, திரும்பிப் போச்சுது, அவ்வளவுதான். எனக்கு அவற்ற பேர்கூடத் தெரியாது. பேரைச் சொல்லித் தந்ததே நீங்கள்தான். கறிக்கு உப்புக் கூடினால், மேசனுக்கெண்டால் இப்பிடிச் சமைச்சிருப்பீரோ எண்டு கேப்பியள். நான் யன்னலுக்கால பாத்துக்கொண்டு நிண்டால், மேசனை நினைக்கிறீரோ எண்டு கேப்பியள்.

— அப்ப ஏன் அந்தப் படிக்கட்டில அவ்வளவு நேரம் நிண்டனீர்? கீழ நிண்டு பாத்தனான். கல்லைக் கையால தடவிக்கொண்டு நிண்டனீர்.

— வடிவாய்க் கிடந்தது, நிண்டன். கீழ ஒரு தூணும் இல்லை. ஒவ்வொரு படியும் ஒரு நுனியைச் சுவருக்குள்ள செருகினபடி, ஒண்டை ஒண்டு தாங்கிக்கொண்டு நிக்குது. அதில ஒரு படி நடுவில தேய்ஞ்சு குழியாய்ப் போச்சுது. திருத்தேக்க அதைக் கழட்டிப்போட்டுப் புதுக் கல்லு வையுங்கோ எண்டு எல்லாரும் நிண்டவையாம். அவர் ஏலாதெண்டு சண்டை பிடிச்சவராம். இதில ஏறி இறங்கின சனம் எல்லாம் இந்தக் குழியிலதான் இருக்கினம் எண்டு சொன்னவராம்.

— பார், அவன் சொன்னதையெல்லாம் பாடமாக்கி வைச்சிருக்கிறாய்.

— அந்த மனுசி சொன்னதைத்தான் சொல்லுறன். எங்கட வீட்டில ஒரு சாமான் தேயிறதுக்கு நீங்கள் விட்டதுண்டோ? என்ர தேங்காய் துருவலையைக்கூடப் பழசெண்டு எறிஞ்சனீங்கள். ஒரு சொல்லு என்னைக் கேட்டனீங்களோ?

— கதையை மாத்தாதை. உனக்குள்ளையும் இப்பிடி ஒரு கதவு கிடக்கு. கட்டின நாள் துவங்கி நான் தட்டிக்கொண்டு நிக்கிறன்.

— தட்டினனீங்கள்தான். பின்னால வெறுஞ்சுவரெண்டு நானும் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன்.

— சரி விடும். சுவரெண்டே வைச்சுக்கொள்ளுறன். இனி அந்தப் பேரை எடுக்கமாட்டன், அம்மாளாச்சி அறிய. வாரும், கீழ போய் ஒரு தேத்தண்ணி குடிப்பம்.

— நீங்கள் போங்கோ. நான் இன்னொருக்கா அந்தப் படியால ஏறிப்போட்டு வாறன்.

— ஏன், இன்னும் என்ன பாக்கக் கிடக்கு?

— நீங்கள் கூட்டிக்கொண்டு வந்தபடியால்தான், இண்டைக்கு முதன்முதலாய், அந்தச் சுவருக்குப் பின்னால ஒரு அறை இருந்திருக்கலாம் எண்டு நினைச்சன்.