வாளியில் இருந்த முகம்

புளியைக் கரைக்கும்போது கொட்டையையும் நாரையும் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வெண்கலத்தில் கீறல் விழும். நான் எடுத்துவிட்டுத்தான் தேய்த்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

அது நான் வேலை செய்த வீட்டில் அலங்காரத்துக்கு வைத்திருந்த ரோமர் காலத்து வாளி. கைப்பிடி வந்து பொருந்துகிற இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, உள்ளங்கையில் அடங்குகிற வெண்கல முகங்கள். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு புறப்படும்போது அம்மார் என்கிற அரபுக்கார முதலாளி, "சிவகொழுந்து, இது கிளீன் மாஃபி", தேய்க்கவே கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பாத்திரத்தைப் பற்றி ஆண்கள் சொல்வதை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஒரு முகம் களிம்பேறிப் பச்சை பச்சையாக அழுதுகொண்டே இருந்தது. நஜ்மா கடைத்தெருவில் வாங்கிய புளி வீட்டில் இருந்தது. தேய்த்தேன்.

பச்சை போயிற்று. மூக்கும் போயிற்று. அதன்பிறகு அந்த முகம் வாயால் மூச்சுவிடத் தொடங்கியது. சமையலறை வரை கேட்டது.

அவ்வளவு பெரிய வீட்டில் மிஞ்சியது நானும், என்னோடு வேலை செய்கிற பானுப்பிரியாவும்தான். இராமநாதபுரத்துப் பிள்ளை. வாய் கொஞ்சம் கூட.

"என்னக்கா, மீன் சட்டி கழுவுற மாதிரி கழுவிட்டீங்க. மூக்கையே காணோம்."

"மேடத்திட்டைச் சொல்லிப்போடாதை, பிள்ளை. விசாவைக் கான்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிப்போடுவினம். எனக்குப் போறதுக்கு வீடில்லை."

"அப்ப என்னையத்தான சொல்லுவாங்க? வெள்ளிக்கிழமை அவங்க திரும்பி வந்ததும் நானே சொல்லிருவேன். கோச்சுக்காதீங்க."

நான் கோபிக்கவில்லை. அவளுக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன். மறுநாள் பதினொரு மணிக்குக் கம்பளம் காயப்போட மொட்டைமாடிக்குப் போனாள். தோஹாவில் ஆகஸ்ட் மாதம். சுற்றுச்சுவர் ஆளுயரத்துக்கு மேலே. அவளுடைய கைபேசி கீழே சார்ஜில் கிடந்தது. நான் மாடிக்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். அவ்வளவுதான். வெயிலை நான் வைக்கவில்லை.

முதலில் சிரித்தாள். "அக்கா, விளையாடாதீங்க, கால் சுடுது." பிறகு தட்டினாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். பயத்தில் செய்கிற சத்தியத்தை எப்படி நம்புவது? பிறகு தண்ணீர் கேட்டாள். பிறகு, கதவின் அடியில், வாயால் விடுகிற மூச்சு மட்டும்.

இரக்கமில்லாதவள் என்று வாக்குமூலத்தில் என்னை எழுதிவிடாதீர்கள், ஐயா. நான் எழுந்து போகவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் படியில் உட்கார்ந்து, அது நிற்கும்வரை கூடவே இருந்தேன். அந்தப் பிள்ளையைத் தனியாக விடவில்லை.