கையெழுத்துப் போட்ட வெறும் தாள்கள்

எனக்கு நாற்பத்தேழு வயதாகிறது. இன்றுவரை கண்ணாடி போட்டதில்லை. எங்கள் கல்லூரியில் என் வயதுக்காரர்கள் எல்லாரும் பேப்பரை எட்டப் பிடித்துத்தான் படிக்கிறார்கள். நான் விளக்கு வெளிச்சத்திலேயே ஊசியில் நூல் கோப்பேன். விசாரணைக் குழுவின் அறிக்கையில் ‘பார்வைத் தவறு’ என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறார்கள், ஐயா. அதைத் திருத்தத்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் பெயர் அமலி. சொந்த ஊர் தரங்கம்பாடி. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக லேப் டெக்னீஷியன். எலிக்காய்ச்சல் கேள்விப்பட்டிருப்பீர்கள். வயல் தண்ணீரில் கலந்த எலி மூத்திரம் கால் வெடிப்பு வழியாக உள்ளே போய் வருவது. நடவு நாளில் எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தக் காய்ச்சல்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். ஆரம்பத்தில் தெரிந்தால் பென்சிலின் ஊசியில் பிழைத்துக்கொள்ளலாம். விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் சிறுநீரகம் போய்விடும்.

ஆனால் ஆரம்பத்தில் அந்தக் கிருமி லேசில் கண்ணில் படாது. இரத்தத்தை மெஷினில் முதலில் எவ்வளவு மெதுவாகச் சுழற்றுவது, பிறகு எவ்வளவு வேகமாக, எத்தனை நிமிடத்துக்குள் மைக்ராஸ்கோப்பில் வைப்பது என்று ஏழு வருடம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். மூன்று நோட்டு நிறைய எழுதினேன். கடைசியில் பிடிபட்டது. காய்ச்சல் கண்ட மூன்றாம் நாளே கிருமியைக் காட்ட என்னால் முடிந்தது.

டாக்டர் அருள்பிரகாஷ் எங்கள் கல்லூரியிலேயே படித்து அங்கேயே ஆசிரியராக வந்தவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருடைய பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தாயாக நின்றவள் நான். நோட்டுகளைப் பார்த்துவிட்டு, “அக்கா, இது பத்திரிகையில வந்தா உங்க பேருதான் முதல்ல. என் பேரு அதுக்கப்புறம்தான்” என்றார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். அதனால் நம்பிவிட்டேன்.

தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில் கல்லூரி விழா மலர் தயாரானது. ‘ஆசிரியர்கள், முன்னாள் மாணவர்கள் சாதனைகள்’ என்று நான்கு பக்கம். யார் ஹூஸ்டன் போனார், யார் லீட்ஸ் போனார், யாருக்கு மஸ்கட்டில் வேலை என்பதுதான் முக்கால்வாசி. ஊரை விட்டுப் போவதே ஒரு சாதனையாக ஆகிவிட்ட காலம். என் தமிழ் சுத்தமாக இருக்கும் என்று பிரின்சிபால் ஆபீசில் பிழை திருத்த என்னிடமே கொடுத்தார்கள்.

முதல் பக்கத்தில் டாக்டர் படம். எலிக்காய்ச்சலை மூன்றாம் நாளிலேயே கண்டுபிடிக்கும் ‘அருள்பிரகாஷ் முறை’. அதற்காக இங்கிலாந்தில் ஆராய்ச்சிப் பதவி, ஜனவரியில் பயணம். பதினாறு வரி. திரும்பத் திரும்பப் படித்தேன். என் பெயர் இல்லை. ஒரு இடத்தில் துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் அவரிடம் கேட்டேன். “டெக்னீஷியன் பேரெல்லாம் போட மாட்டாங்கக்கா. உங்களுக்குத் தெரியாததா?” என்று சிரித்தார்.  நான் ஆளை அனுப்பி அவருக்கு டீ வாங்கி வரச் சொன்னேன்.

ஐப்பசியில் மழையும் இரண்டாம் போகத் தாளடி நடவும் காய்ச்சலும் சேர்ந்து வந்தன. டாக்டர் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் மெட்ராஸ் அலைந்துகொண்டிருந்தார். ரிசல்ட் எழுதும் தாளில் டாக்டர் கையெழுத்து இல்லாமல் வார்டில் வாங்க மாட்டார்கள். அதனால் ஒரு கட்டு வெறும் தாளில் கையெழுத்துப் போட்டு என் மேசை டிராயரில் வைத்துவிட்டுப் போவார். “நீங்க பார்த்தா நான் பார்த்த மாதிரிதானேக்கா” என்பார்.

அதைத்தான் நானும் யோசித்தேன். நான் கண்டுபிடித்தது அவர் கண்டுபிடித்ததாக ஆகலாம் என்றால், நான் விட்டதும் அவர் விட்டதாக ஆக வேண்டும். நியாயம் எல்லாருக்கும் ஒன்றுதானே. அவருடைய முறை தப்புகிறது என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும், இங்கிலாந்துக்காரர்கள் யோசிப்பார்கள். வேறு யாருக்கும் நான் கெடுதல் நினைக்கவில்லை. நூறு தாளில் தொண்ணூற்றாறை ஒழுங்காகத்தான் எழுதினேன்.

மாலதி என்று ஒரு பெண், திருப்பனந்தாள் பக்கம். நடவு வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள், கணவன் துபாயில். ரிசல்டுக்காக லேப் வாசலிலேயே நின்றாள். “நாத்து பறிச்சுக் கிடக்குக்கா. ஒண்ணும் இல்லன்னா நாளைக்கு வயலுக்குப் போயிடுவேன்” என்றாள். நான் அப்போதுதான் மைக்ராஸ்கோப்பிலிருந்து எழுந்து வந்திருந்தேன். “ஒண்ணுமில்லம்மா, போயிட்டு வா” என்று தாளைக் கொடுத்தேன். நெகட்டிவ் என்று எழுதியிருந்தேன். வார்டில் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் இறந்துபோனாள்.

துபாயிலிருந்து அவள் கணவன் ராஜ்குமார் வந்தார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். “இதுல கையெழுத்துப் போட்ட டாக்டர் யாருங்க?” என்று கேட்டார். பெயரை இரண்டு தடவை நிறுத்திச் சொன்னேன். அவர் கொடுத்த புகாரில்தான் அதே மாதிரி நெகட்டிவ் தாள் வாங்கிப்போன மற்ற மூன்று பேரின் சாவும் வெளியே வந்தது. அவர்கள் பெயர் எனக்கு உடனே ஞாபகம் வரவில்லை. நோட்டில் இருக்கிறது.

அதுவரை எல்லாம் நான் நினைத்தபடிதான் நடந்தது. கல்லூரி விசாரணைக் குழு கூப்பிட்டபோது டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? “ஒவ்வொரு ஸ்லைடையும் நானே என் கண்ணால பார்த்தேன்” என்று எழுதிக் கொடுத்தார். வெறும் தாளில் கையெழுத்துப் போட்டேன் என்றால் வேலை போகும். பார்த்தேன், தெரியவில்லை என்றால் எச்சரிக்கையோடு முடியும். அப்படியே முடிந்தது. இங்கிலாந்துப் பயணம் ஒரு மாதம் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. அறிக்கை பதினெட்டு பக்கம். அதிலும் என்னைக் காணோம்.

மனசாட்சி உறுத்தி வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் உண்மைதான். நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். தேதி, மணி எல்லாம் இருக்கிறது. நான்கு பேரின் கிருமியையும் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன். மாலதியுடையதைப் பாருங்கள், இரண்டு முனையும் கொக்கியாக வளைந்து எவ்வளவு தெளிவு. யாருக்கும் பார்வை தவறவில்லை, ஐயா. நான்கு பேருக்கும் நோய் இருந்தது. நான்கையும் நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று எழுதினேன். அவர்களைக் கொன்றது நான்.

டாக்டருக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது. அவர் பெயரை இதில் எங்கேயும் போடாதீர்கள். என் பெயர் மட்டும் வந்தால் போதும்.