கால் எலும்பில் ஒரு தாடை

வெடி. இன்னொன்று. அதன்பின் சரமாரியாக. கட்டிலிலிருந்து உருண்டு தரையில் குப்புற விழுகிறேன். கைகள் தலைக்கு மேல். நான் யோசிக்கவில்லை. உடம்பே செய்கிறது.

"ஐயோ அக்கா! கழுத்த திருப்பாதக்கா!" நர்ஸ் செல்வி ஓடிவருகிறாள். "ஒண்ணும் இல்லக்கா! சாவு ஊர்வலம். பட்டாசு போட்டுக்கினு போறாங்க!"

இது வன்னி இல்லை. தேனாம்பேட்டை. பிணத்துக்கு வெடி போடும் ஊர். உயிரோடிருந்தவர்கள் மேல் வெடி போட்ட இடத்திலிருந்து வந்தவள் நான்.

முந்தாநாள்தான் அறுவை சிகிச்சை. என் கணைக்காலிலிருந்து எலும்பு எடுத்தார்கள். அதோடு ஒட்டிய தோலும் சதையும். எலும்பை வெட்டி வளைத்துக் கீழ்த்தாடையாகப் பொருத்தினார்கள். அதன் ரத்தக் குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு தைத்தார்கள். கழுத்தை அசைக்கக் கூடாது. குழாய் அடைத்தால் புதுத் தாடை செத்துப்போகும்.

செல்வி என்னைத் தூக்கிக் கிடத்துகிறாள். சிறு கருவியைத் தாடையில் வைக்கிறாள். அடிக்கடி வைத்துக் கேட்பாள். உஷ், உஷ், உஷ் என்று ரத்தம் ஓடும். இப்போது வெறும் கரகரப்பு. வாய்க்குள் வைத்த தோல் நீலமாகிறது.

"டாக்டர கூப்புடு! சத்தம் நின்னுபோச்சு!"

என்னை ஏற்றிய தள்ளுவண்டி ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடுகிறது. இந்த மௌனம் எனக்குத் தெரியும். கூவிக்கொண்டு வரும் பீரங்கிச் செல் சட்டென்று கூவலை நிறுத்தும். தலைக்கு மேல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அன்று என் கணவர் கத்தினார். "செல் வருது! குப்புறப் படுங்கோ!" படுத்தேன். மகள் படுத்தாளா என்று தலையைத் தூக்கினேன். அவளைக் கூப்பிட வாய் திறந்தேன். செல் துண்டு தாடையைக் கொண்டுபோனது. பெயர் பாதியில் நின்றது. அதன்பின் உதடுகள் சேரவில்லை. உதடு சேராமல் அந்தப் பெயர் வராது. இத்தனை வருடமும் எழுதித்தான் காட்டினேன். அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் கால் எலும்பைக் கொடுத்தேன்.

கழுத்தை மறுபடி திறந்தார்கள். ரத்தக்கட்டியை எடுத்தார்கள். கண் விழிக்கும்போது செல்வி கருவியோடு நிற்கிறாள். உஷ், உஷ். விக்கி விக்கி அழுதேன். தோலில் ஓர் ஓரம் கறுத்துச் செத்தது. எலும்பு பிழைத்தது.

மாதங்கள் கழித்து, மயிலாப்பூரில் என் வாடகை அறையில் இதை எழுதுகிறேன். வாசலில் யாரோ கதவை அறைந்தால் இன்னும் தரையில்தான் கிடக்கிறேன்.

இழந்தது இவ்வளவு. ஒரு வீடு. கீழ்த்தாடை, அதிலிருந்த பற்கள் அத்தனையும். கணைக்காலில் ஓர் எலும்பு. கணவர். அதே செல்லில் ஒரே மகள், ஐந்து வயது.

பாமா. எழுதுமுன் கூப்பிட்டுப் பார்த்தேன். உதடுகள் சேர்ந்தன.