பயிற்சியில் ஓர் இடம்

மாநாடுகளில் தருகிற காபி எப்போதும் ஆறிப்போய்த்தான் இருக்கும். பேசுபவர்கள் நேரத்தை மீறிப் பேசுவதால் அது வெளியே மேசைமேல் காத்துக் கிடக்கிறது. அதனால் இந்தச் சூடான காபிக்கு முதலில் நன்றி. டிரோம்சோ மாநாட்டிலிருந்து மதிய விமானத்தில் வந்திறங்கி நேராக இங்கே வந்தேன். காலணியை வாசலில் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். இந்த வடதுருவ ஊர் லாங்இயர்பியேனில் எந்த வாசலிலும் அதுதானே வழக்கம். குற்றத்தைச் சொல்ல வருகிறவளுக்கு மட்டும் விலக்கு இருக்க முடியாது. எனக்குக் களைப்பாக இருக்கிறது. இடையில் கேள்வி கேட்காமல் விட்டால் வரிசையாகச் சொல்லி முடித்துவிடுவேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். உங்கள் காவல்துறை ஆட்களில் பாதிப் பேரை நானே தண்ணீருக்குள் தள்ளியிருக்கிறேன். பனியையும் பறவைகளையும் காற்றையும் ஆராய வருகிற இளம் விஞ்ஞானிகள் களத்துக்குப் போவதற்கு முன்னால் என்னிடம் வருவார்கள். கடற்பனியில் துளை போட்டு அதன் கனத்தை எப்படிப் பார்ப்பது, கரடி வந்தால் துப்பாக்கியை எப்போது தூக்குவது, எப்போது தூக்காமல் இருப்பது, எல்லாம் சொல்லித் தருவேன். மூன்றாம் நாள் பனியில் ஒரு குழி வெட்டி ஒவ்வொருவரையும் அதற்குள் தள்ளுவேன். கழுத்தில் இரண்டு சிறிய ஆணிகள் தொங்கும். அவற்றை உருவிப் பனியில் குத்தி, வயிற்றால் இழுத்துக்கொண்டு மேலே ஏற வேண்டும். முதல் முறை யாருடைய கைக்கும் ஆணி அகப்படாது. மூன்றாவது முறை, கேட்காமலே விரல்கள் அங்கே போய் நிற்கும்.

"போர்கில், உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று குழிக்குள்ளிருந்து ஒருத்தன் கேட்டான்.

"இருக்கு. அதனாலதான் தள்ளுறேன். பேசாம ஏறி வா."

அவன்தான் ஸ்டைனார். இப்போது எங்கள் துருவ ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர். நல்ல மனிதர், அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னால் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"மேலிடத்துல கேக்குறாங்க போர்கில். இத்தன வருஷத்துல ஒரு விபத்துகூட இல்ல. அப்புறம் எதுக்கு இவ்வளவு பெரிய பயிற்சிங்கிறாங்க."

"விபத்து இல்லாததுக்குக் காரணமே அந்தப் பயிற்சிதானே."

"எனக்குப் புரியுது. அவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது? நடக்காத ஒண்ண எதை வச்சுக் காட்டுவீங்க?"

போகிற போக்கில் கேட்டதுதான். ஆனால் அந்தக் கேள்வியை நான் வீட்டுக்கு எடுத்துப்போனேன். துருவ ஆராய்ச்சி மாநாடுகளையும் பயிற்சிகளையும் அறிவிக்கும் மாதச் சுற்றறிக்கை ஒன்று வரும். அதில் எங்கள் பயிற்சி எப்போதும் மேலே இருக்கும். அந்த ஜனவரியில் எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது, 'கடைசி முறை' என்ற குறிப்போடு. மேலே புதிய வகுப்பு. மாநாட்டு மண்டபத்திலேயே அரை நாள், கண்ணில் திரைக்கருவியை மாட்டிக்கொண்டு பனிமேல் நடப்பதாகப் பழகலாம். முடிவில் சான்றிதழ்.

நான் எதையும் பார்க்காமல் குறை சொல்கிறவள் இல்லை. போய் மாட்டிப் பார்த்தேன். அதிலும் பனி உடைந்து விழத்தான் செய்தேன். தண்ணீர் நீலமாக, அழகாக இருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிளைத் தின்றுகொண்டே தண்ணீருக்குள் விழுந்தார். இருவரும் தேர்ச்சி பெற்றோம்.

கூட்டங்களில் பேசினேன். விளக்கப் படங்கள் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் நன்றாக வேலை செய்ததுதான் எனக்கு எதிரான சாட்சி என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

ஈபன் அப்போதுதான் வந்தாள். கோபன்ஹேகனிலிருந்து வந்த டேனிஷ் பெண். பனியாறு கடலில் உருகும்போது தண்ணீருக்கடியில் எழுகிற ஓசையைப் பதிவு செய்வது அவள் ஆராய்ச்சி. அவள் டேனிஷ் உச்சரிப்பைக் கேட்டு, வாய்க்குள் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று உணவறையில் நம் நார்வேக்காரர்கள் கேலி செய்வார்கள். "அப்ப உருளைக்கிழங்குக்கும் சேத்து ஒரு தட்டு வைங்க" என்பாள். எல்லோருக்கும் அவளைப் பிடித்திருந்தது. எனக்கும்தான்.

கடைசிப் பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய வாரம் என்னைத் தேடி வந்தாள்.

"அந்தத் திரைக்கண்ணாடிய மாட்டிப் பாஸாயிட்டேன் போர்கில். ஆனா என் கைக்கு ஒண்ணும் தெரியல. உங்க பயிற்சியில ஒரு இடம் குடுங்களேன். ஒரு ஓரமா நின்னுக்கிறேன்."

"இடம் இல்லம்மா."

"அப்ப முடிஞ்ச பிறகு ஒரே ஒரு தடவ தண்ணில தள்ளி விடுங்க. வீட்ல போய் அம்மாகிட்ட சொல்லிக்கலாம்."

"காப்பீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க."

இரண்டாவது பதில் உண்மை. முதலாவது பொய். பெர்கனிலிருந்து வர வேண்டிய ஒருவர் நிமோனியாவில் படுத்துவிட்டதால் ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது. அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். என்னிடம் படித்த ஒருத்தி பனியில் விழுந்தால் அது என் பயிற்சியின் தோல்வியாகிவிடும். கண்ணாடி மட்டும் மாட்டிய ஒருத்தி விழுந்தால், ஸ்டைனார் கேட்ட கேள்விக்கு அதுவே பதில். உள்ளதைத்தான் சொல்கிறேன். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

பயிற்சி முடிந்தது. சாமான்களையெல்லாம் கிடங்கில் ஒப்படைக்கச் சொன்னார் ஸ்டைனார். கடற்கழியின் பனியில் பாதையைக் காட்ட நாங்கள் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கம்புகள் நட்டிருந்தோம். மலைமூக்கு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், பாதை கரையை விட்டு வெகுதூரம் விலகிப் போகும். மூக்கை ஒட்டிய கரையோரத்தில் நீரோட்டம் வேகம். பனியை அடியிலிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். மேலே புதுப்பனி மூடியிருப்பதால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வழக்கமாகப் பனி உடைகிற காலம்வரை கம்புகளை விட்டுவைப்போம். அந்த வருடம் பிடுங்கி எடுத்து வந்தேன். ஆணைப்படிதான். மற்ற இடங்களில் இருந்தவற்றை எடுக்க நேரம் இல்லை. மலைமூக்கைச் சுற்றி இருந்தவற்றை மட்டும் எடுத்தேன். எடுத்த கையோடு மூக்கின் கரையோரமாக ஒரு துளையும் போட்டுப் பார்த்தேன். என் கையளவு கனம்கூட இல்லை. கீழே தண்ணீர் ஓடுவது தெரிந்தது. துளையைப் பனியால் மூடிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை ஈபனும் அவள் சக ஆராய்ச்சியாளன் எஸ்கிலும் பனிவண்டிகளில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பனியாற்றின் முகத்தில் இறக்கி வைத்த ஒலிக்கருவியை எடுத்து வரப் போகிறார்கள். எஸ்கிலும் கண்ணாடிப் பயிற்சிக்காரன்தான். நான் கடற்கழிக் கரையிலிருக்கும் எங்கள் குடிசைக்குப் போகிற வழியில் நின்றேன்.

"எந்தப் பக்கமா போறது நல்லது போர்கில்?" என்று ஈபன் கேட்டாள்.

"உங்க வகுப்புல என்ன சொன்னாங்க?"

"கரைய ஒட்டிப் போனா பத்திரம்னாங்க."

"அப்ப அப்படியே போங்க."

அவள் கையை ஆட்டிவிட்டுக் கிளம்பினாள். தலைக்கவசத்துக்கு வெளியே பின்னல் தொங்கியது. பின்னலை உள்ளே போட்டுக்கொள், காற்றில் உறைந்துவிடும் என்று சொன்னேன். போட்டுக்கொண்டாள்.

குடிசையில் மிதவை உடுப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். கயிறு, சிறு படகு, போர்வைகள், எல்லாம் தயாராக இருந்தன. என் எண்ணம் அவளை வெளியே இழுப்பதுதான். நனைந்து, பயந்து, உயிரோடு ஒருத்தி. மாநாட்டு மேடையில் நின்று, சான்றிதழ் இருந்தும் என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவள் சொன்னால் போதும். அதைத்தான் நினைத்தேன். பல மாதங்கள் இப்படியே எனக்குச் சொல்லிக்கொண்டும் வந்தேன்.

எஸ்கிலின் அழைப்பு ரேடியோவில் வந்தது. பற்கள் அடித்துக்கொண்டதில் பாதிதான் புரிந்தது. முன்னால் போன ஈபன் வண்டியோடு விழுந்துவிட்டாள். மீட்பு ஹெலிகாப்டர் ஏதோ ஒரு கப்பலிலிருந்து நோயாளியை ஏற்றப் போயிருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தது நாங்கள்தான். மீட்புத் தொண்டர் ஹால்வார் அன்று தற்செயலாகக் குடிசைக்கு வந்திருந்தார். வண்டியைக் கிளப்பிவிட்டு வாசலில் நின்றார்.

"போர்கில், போலாமா?"

"கயிறு சரியில்ல."

"போற வழியில பாத்துக்கலாம்."

"கயிறு சிக்கிச்சுன்னா ஒருத்தருக்குப் பதிலா ரெண்டு பேரு போவாங்க."

கயிற்றை முழுவதும் அவிழ்த்தேன். தரையில் நீளமாகப் போட்டேன். முடிச்சு இருக்கிறதா என்று கையால் தடவிக்கொண்டே வந்தேன். பிறகு சுற்றுச் சுற்றாக, பையின் வாய்வரை அடுக்கினேன். ஹால்வார் என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவசரப்படாதவர்தான் காப்பாற்றுவார் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். போர்கிலின் நிதானம்தான் எஸ்கிலைக் காப்பாற்றியது என்று பிறகு விசாரணையில் அவர் சொன்னார். உங்களிடம்தான் சொன்னார்.

கயிறு சரியாகத்தான் இருந்தது. அன்று காலை நானே சுருட்டி வைத்தது.

பயந்துபோன ஒரு பெண்ணால் மேலிடத்தாரின் மனதை மாற்ற முடியாது. ஒரு நாள் கைதட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். கயிற்றை அவிழ்த்தபோது இது எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கு முன்பே தெரிந்திருந்ததா என்று கேட்டால், மூடிய துளையைப் பற்றி நான் சொன்னதை மறுபடி படித்துப் பாருங்கள்.

நாங்கள் போனபோது எஸ்கில் குப்புறப் படுத்து அவள் சட்டைக் கையைப் பிடித்திருந்தான். குளிரில் அவன் விரல் நுனிகள் போய்விட்டன, உங்களுக்குத் தெரியும். ஈபன் பனி விளிம்பில் கன்னத்தை வைத்திருந்தாள். ஆணிகள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. உறையைக்கூட உருவவில்லை. அது மூன்றாம் நாள் பாடம்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. திரைக்கருவி வகுப்பு நின்றது. ஸ்டைனார் என் அறையில் உட்கார்ந்து அழுதார். "நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். இந்த வாரம் டிரோம்சோ மாநாட்டில் என்னைத் தொடக்க உரை பேசச் சொன்னார்கள். களத்துக்குப் போகிற எல்லோருக்கும் எங்கள் பயிற்சி கட்டாயம் என்று நேற்று வாக்கெடுப்பில் முடிவானது. எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை. பயிற்சிக்கு ஈபனின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அவள் அம்மா விபேக்காவும் வந்திருந்தார். காபி மேசையருகே என்னைத் தேடிப் பிடித்தார்.

"நீங்கதான் போர்கிலா? உங்களப் பத்தி ரொம்பச் சொல்லுவா. அந்தம்மா தண்ணில தள்ளிட்டுத்தான் பேச்சே ஆரம்பிப்பாங்களாம்னு சொல்லிச் சிரிப்பா."

"நல்ல பொண்ணு."

"உங்ககிட்ட படிச்சிருந்தா பொழச்சிருப்பாளா? மறைக்காம சொல்லுங்க."

"பொழச்சிருப்பா."

அவர் கையிலிருந்த காபிக் கோப்பையை மேசைமேல் வைத்தார். "இடம் கெடைக்கலன்னு போன்ல சொன்னா. ரொம்ப வருத்தம் அவளுக்கு."

"ஆமா. கெடைக்கல."

"உங்க மேல தப்பு இல்ல. நீங்க என்ன பண்ணுவீங்க. இனிமே யாருக்கும் இடம் இல்லன்னு ஆகாதுல்ல, அது போதும் எனக்கு." என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்தார். "என்ன இப்படிச் சில்லுனு இருக்கு உங்க கை" என்றார். மண்டபத்துக்குள் மணி அடித்து எல்லோரும் உள்ளே போன பிறகும் தேய்த்துக்கொண்டே நின்றார்.

அதற்குமேல் என்னால் எந்த உரையையும் கேட்க முடியவில்லை. விடுதியில் படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. இன்று காலை விமான நிலையத்துக்குக் கிளம்பினேன். குற்ற உணர்ச்சி என்று எழுத வேண்டாம். களைப்பு என்று எழுதுங்கள், அதுதான் சரியான சொல். வாக்கெடுப்பு முடிகிறவரை வாயைத் திறக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இடம் கொடுக்காதது நான். கம்பைப் பிடுங்கியது நான். அந்தப் பாதையில் அனுப்பியது நான். கயிற்றை அவிழ்த்ததும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வசந்தகாலப் பயிற்சிக்கான அறிவிப்பு இப்போதுதான் வெளியாகியிருக்கிறது. விண்ணப்பிக்க இந்த மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. அதுவரை இதை வெளியில் விடாதீர்கள். இப்போது செய்தி வந்தால் பயிற்சியை மூடிவிடுவார்கள். எதுவும் தெரியாமல் பனிமேல் போகிற பிள்ளைகளுக்கு அப்புறம் யார் பொறுப்பு?