ஜப்பான்காரன் மொழியில ஒச்சான்

ஹலோ… ஹலோ மதனு, நான்தான்லே, ஒச்சாண்டியோட அக்கா பாண்டீஸ்வரி… ஆமா, அனுமந்தன்பட்டியில இருந்துதான்… கேம் மிஷின ஆன் பண்ணிட்டியா?… வெரசா பண்ணுலே. செத்த நேரத்துல அந்த ஆன்லைன ஒரேயடியா மூடிருவாகளாம்ல?…

என் தம்பி மிஷினா? அது எங்கன இருக்கு! அவன் மேல லாரி ஏறுனப்ப அவன் பைக்குள்ளதான கெடந்துச்சு, தூள்தூளாப் போச்சு… அதான் உன்னையப் புடிச்சுத் தொங்குறேன். நீ கேம்ல அவன் வீட்டுக் கதவத் தட்டுனா, "யாருலே அது"ன்னு அவன் பேசி வச்ச சத்தம் வரும்ல?… ஆமா ஆமா, அதேதான். வேற எதுலயும் அவன் குரலு இல்லப்பா. வாட்சப்புலகூட டைப்புதான் அடிப்பான், பேசித் தொலைய மாட்டான்.

எங்க ஆத்தா காலையில இருந்து உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்கல. எம்மவன் சத்தத்த ஒருக்கா காட்டுன்னு ஒரே பொலம்பல்… ம்… ம்… போன அந்த மிஷின் பக்கத்துல வையி.

என்னது, பிரெண்டு லிஸ்ட்ல அவன் பேரு இல்லையா? நல்லாப் பாருலே!… ஒச்சாண்டின்னு இருக்காது. எழுத்து பத்தலன்னு "ஒச்சான்"னுதான் அடிச்சான், ஜப்பான் எழுத்துல. பழைய ஜப்பான் மிஷினத்தான ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணா வாங்குனீக?… செல்லு கேமராவக் காட்டுனா தமிழ்ல சொல்லும்னியே, காட்டு…

என்னலே காட்டுது?… மதனு?…

எந்தப் பெருசு?… ம்… ம்… அவுக பாசையில ஒச்சான்னா பெருசுன்னு அர்த்தமா?… சரி, இருந்துட்டுப் போகுது. அந்தப் பெருசு வீட்டுக் கதவத் தட்டு…

அழிச்சிட்டியா?

முன்னமே கேமராவுல பாத்து, யாரோ வயசான ஆளு வந்து சேந்திருக்கான்னு நெனச்சு லிஸ்ட்ல இருந்து அழிச்சிட்டியா! அடப் பாவி… எங்க குலசாமி பேருலே அது!… திரும்பச் சேருலே… என்னது, அவனும் ஓகே குடுக்கணுமா? செத்தவன் எங்கன இருந்துலே ஓகே குடுப்பான்?…

ஐயோ… மூடியாச்சா?… கதவு, வீடு, ஒண்ணுமே இல்லையா?… போச்சு. எல்லாம் போச்சு… அழுகாதலே. நீ அழுது என்ன ஆகப்போகுது.

இரு, கத்தாத. ஆத்தா எந்திரிச்சு வருது… நான் சொல்றதக் கேளு. உன் சத்தமும் அவன் சத்தமும் ஒண்ணு போலத்தான் இருக்கும். "யாருலே அது"ன்னு ஒரே ஒருக்கா சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத… பாவம்தான், எனக்குத் தெரியாதா? சாமி குத்துனா என் கண்ணக் குத்தட்டும்…

வாத்தா… ஆமா, கெடச்சிருச்சு. இந்தா, காதுல வையி… கேட்டுச்சா?… அவன்தான்… அவனேதான்த்தா…

ஏத்தா, அதுகிட்டப் போயி சாப்பிட்டியான்னு கேக்குற? அது ரெக்கார்டுத்தா, பதில் சொல்லாது… என்ன சொன்னான்?… குடு, போன இங்கிட்டுக் குடு…

ஏலே மதனு! "இல்லத்தா, பசிக்குது"ன்னு ஏன்லே சொன்ன?… தன்னால வந்துருச்சா?… ஆத்தா அடுப்படிக்குப் போயிருச்சுலே. அவன் தட்டக் கழுவிக்கிட்டு இருக்கு… நான் என்னத்தப் போயிச் சொல்லுவேன்?… வேணாம், நீ ஒண்ணும் பேசாத. வையி… போன வையிலே.