டோரீன் என்ற வாடிக்கையாளர்

என் குழுவில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் பன்சித் நூடுல்ஸ் நான்தான் வாங்கி வருவேன், வக்கீலம்மா. நீள நூடுல்ஸ் சாப்பிட்டால் நீண்ட ஆயுள் என்று நம் எல்லோர் வீட்டிலும் சொல்வதுதானே. கொஞ்சம் நின்றுகொண்டே பேசட்டுமா? 

எங்கள் கால் சென்டர் இருப்பது இங்கே பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில் என்றாலும், நாங்கள் பேசுவது ஆஸ்திரேலியாவில் ஒரு மின்சார நிறுவனத்தின் வாடிக்கையாளர்களோடு. கட்டணம், இணைப்பு, துண்டிப்பு, அவ்வளவுதான். ஓர் அழைப்பை ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அந்த அளவை நான் வைக்கவில்லை. அதற்குள் வராதவர்களை வரவைப்பதுதான் பயிற்சியாளனான என் வேலை. நான் யாரையும் அதட்டியதில்லை. அதட்டினால் திறமை வளராது, பயம்தான் வளரும்.

கிளாரிபெல் நல்ல பெண். வயதானவர்கள் அழைத்தால் அவளால் போனை வைக்க முடியாது, அதுதான் அவளிடம் இருந்த குறை. பூனைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு கிழவர் சொன்னால், அது என்ன சாப்பிட்டது என்று கேட்பாள். பக்கத்து இருக்கை டோடோங் கிண்டல் செய்வான்.

"அக்கா, நமக்குச் சம்பளம் கரண்ட் பில்லுக்கு. பூனை வைத்தியத்துக்கு இல்ல."

"பூனை பிழைச்சாத்தான்டா அவரு நிம்மதியா பில்லு கட்டுவாரு."

சிரிப்பார்கள். ஆனால் மாதக் கடைசியில் எங்கள் குழுவின் பெயர் தரவரிசையில் கீழே இருக்கும். அந்தக் காலாண்டுக்குள் அவள் தேறாவிட்டால் வேலை போய்விடும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அவளை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்றுதான் நினைத்தேன். தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் போல நாங்களே அழைத்து ஊழியரைச் சோதிப்பது இந்தத் தொழிலில் எல்லா இடத்திலும் உண்டு. நான் இளவயதில் வானொலி நாடகங்களில் கிழவி வேடத்துக்குக் குரல் கொடுத்தவன். ஆஸ்திரேலியப் பேச்சும் இத்தனை வருடத்தில் நாக்கில் படிந்துவிட்டது. அப்படித்தான் டோரீன் பிறந்தாள். தனியாக வசிக்கும் விதவை. சோதனைக் கணக்குகளும் நிஜக் கணக்கு போலவே திரையில் வரும், அதனால் சிரமமில்லை. பயிற்சி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அழைப்பு நேராக கிளாரிபெல்லுக்குப் போகும்படி வைத்தேன்.

முதலில் டோரீன் தோட்டத்து ரோஜாக்களைப் பற்றித்தான் பேசினாள். கிளாரிபெல் அழைப்பை முடிக்கவில்லை. அடுத்த முறை கணவனின் சாவு. அதன் பிறகு, போன் செய்யாத மகன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கனத்தைக் கூட்டினேன். பளு தூக்கப் பழக்குகிறவன் அப்படித்தான் செய்வான்.

ஒரு திங்கட்கிழமை கிளாரிபெல் என்னிடம் வந்து, ஞாயிறன்று பசிலிக்கா தேவாலய வாசலில் மெழுகுவர்த்தி வாங்கியதாகச் சொன்னாள். அங்கே மெழுகுவர்த்தி விற்கும் பெண்கள் நமக்காக ஆடி வேண்டிக்கொள்வார்களே, அப்படி ஒருத்தி டோரீன் பெயரைச் சொல்லி, குழந்தை இயேசுவின் முன் ஆடினாளாம்.

"அந்தப் பேரு அவங்க வாயில நுழையவே இல்ல சார். மூணு தடவை சொல்லிக் கொடுத்தேன். சாமிக்குப் புரியும்னு சொல்லிட்டாங்க."

அன்று எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.  ஆனால் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று நினைத்தேன்.

கடைசி அழைப்பில் டோரீனுக்கு மூச்சுத் திணறல் வந்தது. மின்சாரம் போய்விட்டது, ஆக்சிஜன் மெஷின் நின்றுபோய் அலாரம் கத்துகிறது என்றாள். கிளாரிபெல் முக்கால் மணி நேரம் போனை வைக்கவில்லை. இடையில் இன்னொரு போனில் அந்த ஊர் ஆம்புலன்சையும் அனுப்பிவிட்டாள். ஆம்புலன்ஸ் போய் நின்ற முகவரியில் காலி மனைதான் இருந்தது. மேலிடத்திலிருந்து அவளுக்குக் கடைசி எச்சரிக்கை வந்தது.

மறுநாள் குழுவை உட்கார வைத்து, டோரீனின் குரலில் பேசிக் காட்டினேன். "கண்ணு, மெஷின் கத்துதும்மா." எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டோடோங் மேஜையைத் தட்டினான். கிளாரிபெல்லும் சிரித்தாள், சற்றுத் தாமதமாக.

"அப்ப அந்தம்மா நல்லாத்தான் இருக்காங்களா சார்?"

"அப்படி ஒருத்தியே இல்ல, கிளாரிபெல். இனிமே அந்த மாதிரிக் குரல் வந்தா, அது நான்தான்னு நினைச்சுக்கோ. போனை வைக்கிறது சுலபமா இருக்கும்."

பயிற்சி பலித்தது. அவளுடைய அழைப்புகள் ஐந்து நிமிடத்துக்குள் வந்தன. யாரிடமும் பூனையைப் பற்றிக் கேட்பதில்லை. குழு மேலே ஏறியது. அவளுக்குச் சான்றிதழ் கொடுத்துக் கைதட்டினோம். அவள் மதிய நேரத்தில் யாரோடும் பேசாமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை நான் கவனித்தேன். கவனம் கூடியிருக்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

மன்னிக்க வேண்டும், அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா? ஏசி ஓடினாலும் காற்றே வராதது போல இருக்கிறது.

வில்மா என்ற அந்த அம்மாள் அழைத்தது ஜனவரியில், அங்கே கடும் வெயில் காலத்தில். பக்கத்து வீட்டு இணைப்புக்குப் பதிலாகத் தவறுதலாக அவருடையதைத் துண்டித்திருந்தார்கள். நேராக அதைச் சொல்லியிருந்தால் எப்படியோ. அவர் தோட்டம் காய்ந்துபோனதிலிருந்து ஆரம்பித்தார். பிறகு மகன். பிறகுதான், ஆக்சிஜன் மெஷின் கத்துகிறது என்றார்.

ஒலிப்பதிவில் கிளாரிபெல் சிரிப்பது கேட்கும். பிறகு நம் பாஷையில் பேசுகிறாள். "சார், இந்தத் தடவை ஏமாற மாட்டேன். குரல் ரொம்ப நல்லா வந்திருக்கு. டோடோங்குக்கும் ஒரு தடவை பண்ணுங்க, பாவம் அவன் மட்டும் தப்பிச்சுக்கிறான்." அந்த அம்மாளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. "ஹலோ, யாரும்மா பேசுறது?" என்கிறார். கிளாரிபெல் ஆங்கிலத்துக்கு மாறி, அழைத்ததற்கு நன்றி, இந்த நாள் இனிய நாளாக இருக்கட்டும் என்று சொல்லி வைத்துவிடுகிறாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வில்மாவின் உடலை இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

விசாரணைக்காக மேலிடம் ஒலிப்பதிவை அனுப்பச் சொன்னபோது, நம் பாஷையில் உள்ள அந்தப் பகுதியை நான் வெட்டிவிட்டுத்தான் அனுப்பினேன். வாடிக்கையாளர் மெஷின் கத்துகிறது என்கிறார், ஊழியர் நன்றி சொல்லி வைக்கிறார். அது மட்டும்தான் மிஞ்சியது. அவளை நீக்கும் கடிதத்தில் பயிற்சியாளன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். ஆஸ்திரேலியாவில் முழுப் பதிவும் இருந்தது எனக்குத் தெரியாது. உங்கள் கைக்கு அது வந்துவிட்டதால்தான் இதைச் சொல்கிறேன் என்றில்லை, வக்கீலம்மா. எப்படியும் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

டோரீனை உண்டாக்கியவன் நான். வில்மாவை நம்பக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்குக் கற்றுக் கொடுத்தவனும் நான். பிறகு பழியை அவள் தலையில் வைத்தேன்.

அவள் உங்களிடம் என் பெயரையே எடுக்கவில்லை என்கிறீர்கள். "அது சார் இல்லன்னு நான்தான் கண்டுபிடிச்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னாளாம், வில்மா பெயருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினாளாம். யாரும் சுட்டிக்காட்டாமலே தன் குறையைத் தானே உணர்ந்திருக்கிறாள் பாருங்கள். ஒரு பயிற்சியாளன் ஆசைப்படுவது அதற்குத்தான். நீங்கள் அனுமதித்தால் அவளோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறேன். இரண்டு குரல்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்று நானே அவளுக்குச் செய்து காட்டிவிடுவேன்.