பதினோரு லட்சம் கோப்பில் ஒரு கடிதம்

தலைமைக் கதிரையை அலங்கரிக்கும் ஐயா கதிர்காமநாதன் அவர்களே, முன்வரிசையை முழுதாய்ப் பிடித்திருக்கும் மூத்தோரே, மடியிலே பிள்ளையும் கையிலே வடையுமாய் வந்திருக்கும் தாய்மாரே, வென்ட்வேர்த்வில் வாழ் தமிழ் உறவுகளே, வணக்கம்!

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். கணினியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்கிறீர்களா? நன்றாய்ச் சிரியுங்கள்! என் பேத்தி யாமினி செய்ததைக் கேட்டபின் கைதட்டியே ஆகவேண்டும்.

நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியை தாட்சாயினியின் கணவர் பிரஷாந்தனுக்கு விசாச் சிக்கல். 2019இலேயே இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்ததற்குச் சான்று வேண்டும். போன மாதம் ஒருநாள் தகவல் வந்தது: அன்று மாலை ஐந்து மணிக்குள் வேண்டும். தவறினால் அவர் நாட்டை விட்டே போகநேரும். இருவர் பெயரும் போட்டு அந்த வீட்டுக்கு நம் சங்கம் அனுப்பிய கடிதம் உண்டு. எங்கே உண்டு? சங்கக் கணினியில். கணினியில் எங்கே? எவருக்கும் தெரியாது!

ஏன் தெரியாது? எவர் வீட்டுக் கல்யாண வீடியோ என்றாலும், எவர் மகளின் அரங்கேற்றம் என்றாலும், "சங்கத்திலே பத்திரமாய்க் கிடக்கட்டும்" என்று கொண்டுவந்து கொட்டினோம். கொட்டினோம், கொட்டினோம், பதினோரு லட்சம் கோப்புகள் சேரும்வரை கொட்டினோம்!

யாமினி கறுப்புத் திரையைத் திறந்து, தாட்சாயினியின் பெயரைத் தேடும்படி கட்டளையைத் தட்டினாள். இரண்டு மணி நேரம் ஓடியது. பதில் இல்லை. மணி மூன்றே முக்கால். சட்டென்று நிறுத்திவிட்டாள்! செயலாளர் ஈஸ்வரமூர்த்தி அலறினார்.

"ஐயோ பிள்ளை, அரைவாசி தேடி முடிஞ்சுது, ஏன் நிப்பாட்டினனி?"

"அங்கிள், இது உங்கட மகளின்ர கல்யாண வீடியோவையும் உள்ளுக்குப் போய் வாசிக்குது."

"அதிலை என்ன இருக்கு?"

"கடிதம் இல்லை. நீங்கள் டான்ஸ் ஆடுறதுதான் இருக்கு."

அடுத்த கட்டளை பிறந்தது! படம் பார்க்காதே, பாட்டுக் கேட்காதே, எழுத்துக் கோப்பை மட்டும் தேடு. ஒற்றையாய்த் தேடாதே, கணினிக்குள் இருக்கும் எட்டு மூளையும் பங்கு பிரித்துத் தேடு! எத்தனை மணி எடுத்தது? எத்தனை நிமிடம்? ஆறே விநாடி, உறவுகளே, ஆறே விநாடி!

தாட்சாயினி பெயரில் நானூறு கடிதங்கள் வந்து விழுந்தன. வரிசைப்படுத்தினால் ஒரே குழப்பம். கோப்பின் பெயரிலே நாளை முதலிலும் மாதத்தை நடுவிலும் ஆண்டைக் கடைசியிலும் எழுதுவது நம் பழக்கம். கணினியோ எல்லா வருடத்து ஒன்றாம் திகதிகளையும் ஒன்றாய்க் கட்டிவிட்டது. "முதலில் ஆண்டைப் பார், பிறகு மாதம், பிறகு நாள்" என்று கட்டளையிட்டாள் யாமினி. கண்ணிமைக்குமுன் அணிவகுத்து நின்றன நானூறும்! அங்கே, 2019 மார்ச்: திரு பிரஷாந்தன், திருமதி தாட்சாயினி, மெரிலேண்ட்ஸ் வீட்டு விலாசம்!

பின்னாலே யார் சத்தம் போடுவது? "அம்மம்மா, அந்தக் கொமாண்டைச் சொல்லுங்கோ" என்கிறீர்களா? எனக்கு எங்கே தெரியும் தம்பி, அவளைக் கேளுங்கோ! எல்லோரும் இன்னும் வேகமாய்த் தேடு என்றார்கள். எங்கே தேடத் தேவையில்லை என்று கண்டவள் அவள் ஒருத்தி!

நாலு பத்துக்குக் குடிவரவு அலுவலகத்துக்குக் கடிதம் போனது. போன செவ்வாய்க்கிழமை விசா வந்தது!

பிரஷாந்தன், எழும்பி நில்லுங்கோ. தாட்சாயினி, நீரும்தான். பாருங்கள் சபையோரே! இந்தக் கூட்டம் கலைந்ததும் இவர்கள் இருவரும் ஒரே வீட்டுக்குப் போகப்போகிறார்கள்.

கேட்ட காதுகளுக்கும் தட்டிய கைகளுக்கும் என் நன்றி. வணக்கம்!